ஆத்தாளே அனுப்பி வைத்த ஆஸ்பத்திரி

1997 பங்குனியில் என் நான்கு வயது மகள் தாரணி காய்ச்சலில் விழுந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. கண் இரண்டும் சிவந்து, உதடு வெடித்து, மேலெல்லாம் செந்தடிப்பு. எங்கள் ஊரான கணபதியில், எங்கள் வீதியில் அப்போது இரண்டு வீட்டில் அம்மை. இதுவும் அம்மைதான் என்று நானே முடிவு கட்டி, வாசலில் வேப்பிலை செருகினேன். மருந்து கூடாது, குழந்தையை வெளியே எடுக்கவும் கூடாது.

லேத் பட்டறையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர், "அம்மணி, ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிப்போடலாமே" என்றார்.

"ஆத்தா வந்திருக்கறப்ப ஊசி போடறதாங்க? சும்மா இருங்க" என்று அவர் வாயை அடைத்தேன். பெரிய பக்தை என்ற நினைப்பு எனக்கு!

ஆறாம் நாள் காலை, குழந்தையின் கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. வயிற்றின் வலப்பக்கத்தைத் தொட்டாலே அலறினாள். மாரியம்மன் படத்துக்கு முன் விழுந்து சண்டையே போட்டேன். "நீ வந்திருந்தா இருந்துட்டுப் போ தாயே. இல்லீன்னா இது என்னன்னு இப்பவே சொல்லு. என்ற புள்ளைய எனக்குக் குடு!"

அரை மணி ஆகவில்லை. அம்மை கண்ட வீடுகளுக்குத் தீர்த்தம் தரும் கோயில் பூசாரி வந்தார். குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மணி, அம்மைன்னா முத்துப் போடுமுங்க. ஒரு கொப்புளங்கூட இல்லீங்களே. கண்ணு வேற மஞ்சளா இருக்குது. நானே சொல்றனுங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!"

தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"ரத்தக்குழாயெல்லாம் அழற்சிங்க. ஈரலையும் புடிச்சிருச்சு, பித்தப்பை வீங்கியிருக்குது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா இருதயத்துக்கும் போயிருக்கும்" என்றார் குழந்தை டாக்டர். அரிதாகக் கிடைக்கும் மருந்தை எங்கிருந்தோ வரவழைத்துச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள்.

மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் விட்டது! விரல் நுனிகளில் தோல் உரிந்தது. நாளாக நாளாக மஞ்சளும் இறங்கியது. ஒரு காலையில் தாரணி எழுந்து உட்கார்ந்து, "அம்மா, பன்னு வேணும்" என்றாள். வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். பிறகு எடுத்த இருதய ஸ்கேனிலும் ஒரு குறையும் இல்லை.

அடுத்த திருவிழாவில் தீச்சட்டி எடுத்தேன். அதோடு ஒரு வழக்கத்தையும் பிடித்துக்கொண்டேன். வீதியில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் ஆத்தாளைக் கும்பிடுவேன், கும்பிட்ட கையோடு ஆட்டோ கூப்பிடுவேன்.

உங்களுக்கும் சொல்கிறேன். துன்பம் வந்தால் அவள் காலைப் பிடியுங்கள். பெற்றவளிடம் போல உரிமையோடு சண்டை போடுங்கள். கட்டாயம் பதில் சொல்வாள். சொன்ன பிறகு ஒரு நிமிடம்கூட அங்கே நிற்காதீர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.