குங்குமமும் இருநூற்றைம்பதும்

மின்கிற்றார் திருத்துகிறவனுடைய பிழைப்பு, இன்னொருவன் கைதட்டு வாங்குவதற்குத் தயார்செய்து கொடுப்பதுதான். ஊரார் கல்யாணச் சேலைக்குக் கரை தைப்பவர்களே, மற்றவன் விருந்துக்கு வெங்காயம் வெட்டுபவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அம்மாளின் குங்குமம்

நாங்கள் வந்து குடியேறிய இந்தப் பிரெஞ்சு நகரத்தில், ரூ பெர்தொனே என்ற தெருவில், ஒரு போன் கடையின் பின்பக்கம் எனக்கு ஒரு மேசை இருக்கிறது. வாணிவிழா முடிந்த கிழமைதான் எனக்குச் சீசன். கிற்றாரைப் பூசையில் வைத்துச் சந்தனம், குங்குமம் எல்லாம் பூசுவார்கள். அது குமிழ்களுக்குள் இறங்கும். குமிழின் கீழே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்னச் சாமான் இருக்கிறது. அதை நாங்கள் பொட் என்போம். பிறகு அதைத் திருகினால் அப்பளம் நொறுங்கும் சத்தம்தான் வரும்.

புறநகர் கார்ஜிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் சிவப்பாகிப்போன பொட்டைக் கழற்றிக் காட்டி, இனிக் குமிழில் பூச வேண்டாம் என்று பணிவாகச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அம்மாளுக்கு வைக்கிற குங்குமத்தால ஒரு சாமானும் பழுதாகாது தம்பி. நீர்தான் கழட்டேக்க என்னவோ செய்துபோட்டீர்."

கணக்குப் பிழையில்லை

பொட்டில் முக்கியமாக இரண்டு வகை, மின்தடை அளவைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஐந்நூறு போட்டால் கிற்றாரின் கூர்மை அப்படியே வெளியே வரும். இருநூற்றைம்பது அதைக் கொஞ்சம் மழுக்கிவிடும். எந்தக் கிற்றாருக்கு எது என்று பார்த்துப் போடவேண்டும். சென் தெனியில் அலுவலக வேலை செய்யும் ஒருவருக்கு இதைக் கால்மணி நேரம் விளக்கினேன். அவருக்கு வேண்டியது ஐந்நூறு, அது அன்று கையிருப்பில் இல்லை. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு வழி சொன்னார்.

"அப்ப இருநூற்றைம்பதில ரெண்டைப் பூட்டிவிடுங்கோ அண்ணை, சரியா வரும்தானே."

இரண்டு நிகழ்ச்சிக்கு மட்டும்

இனி சுதன். ஒன்பது வருடம் எங்கள் இசைக்குழுவில் லீட் கிற்றார் வாசித்தவன் நான். அப்போது வேலை செய்த ரெஸ்டோரண்ட் குசினியில் நான் விரலை வெட்டிக்கொண்டபோது, இரண்டு நிகழ்ச்சிக்கு மட்டும் என்று என் இடத்துக்குச் சுதனைப் பிடித்தார்கள். விரல் ஆறி மூன்று வருடமாகிறது. என்னை ஒருவரும் திருப்பிக் கூப்பிடவில்லை. பொறாமையா என்று கேட்பீர்கள். ஓம், பொறாமைதான். அவன் கெட்டவனாக இருந்தாலாவது ஆறுதல். கண்ட இடத்தில் எழுந்து நின்று கும்பிடுகிறான்.

போன வாணிவிழாவுக்குப் பிறகு அவனும் குங்குமக் கிற்றாருடன் வந்தான். சனிக்கிழமை கார்ஜில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, அதற்குள் வேண்டும் என்றான். அவனுடைய கிற்றாருக்கு ஐந்நூறுதான் போடவேண்டும். மேசை லாச்சியில் இரண்டும் இருந்தன. நான் தெரிந்தே இருநூற்றைம்பதை எடுத்தேன். சனிக்கிழமை இவன் சத்தம் அமுங்கினால், பழைய ஆளை நினைப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். வாங்கிப் போகும்போது அவன் பரிசோதித்துக்கூடப் பார்க்கவில்லை.

"உங்கட கை பட்டது அண்ணை, நான் ஏன் பாக்க வேணும்?"

கார்ஜ் மண்டபம்

அழைப்பில்லாமல் போனேன். அவன் விழுவதைப் பார்க்கத்தான் போனேன். கையில் மட்டன் ரோல்ஸோடு ஸ்பீக்கருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அந்த மண்டபம் முழுக்க மாபிள் கல். அங்கே கிற்றார் வாசித்தால் காதுக்குள் ஊசி ஏற்றுகிற மாதிரி இருக்கும். அன்றைக்கு ஊசியைக் காணவில்லை. சத்தம் உருண்டையாக வந்து பாட்டுக்குக் கீழே படுத்துக்கொண்டது. கிழவிகள் கூட எழும்பிப் போகவில்லை. எனக்கு ரோல்ஸ் இறங்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் எங்கள் பாடகி வசந்தி வந்து பக்கத்தில் இருந்தாள். ஒன்பது வருடத்தில் என் வாசிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவள், அன்றைக்குத்தான் சொன்னாள்.

"நீங்கள் வாசிச்ச காலத்தில என்ர குரல் எனக்கே கேக்காது அண்ணை. இண்டைக்குத்தான் நான் பாடினதை நான் கேட்டன்."

பாவமன்னிப்பு

மூன்று நாள் நித்திரையில்லை. கடைசியில் சுதனைப் போனில் கூப்பிட்டு, பிழையான பொட் போட்டுவிட்டேன், கொண்டு வா, ஐந்நூறு போட்டுத் தருகிறேன் என்றேன். மனச்சாட்சி பாதி. அந்த நல்ல சத்தத்தை அவனிடமிருந்து பிடுங்குகிற ஆசை மற்றப் பாதி. அவன் வந்தான், கிற்றாரைக் கொண்டுவரவில்லை.

"வீட்டை போய் வாசிச்ச உடனயே தெரிஞ்சது அண்ணை. ஒன்பது வருஷம் அந்த மண்டபத்தில வாசிச்ச மனுசன், அறிஞ்சுதான் போட்டிருப்பார் எண்டு விட்டிட்டன்."

இப்போது கிழமைக்கு இரண்டு பேராவது வந்து 'சுதன்ர சத்தம்' வேண்டும் என்று கேட்கிறார்கள், நானும் வயிறு எரிய எரிய இருநூற்றைம்பதை எடுத்துப் பூட்டிக் கொடுக்கிறேன்.