கம்பிக்கு அப்பால் இருந்த ஊர்

ஒரு கணவனையும் மனைவியையும் பிரித்தவன் நான். தவறான வழி சொல்லிப் பிரித்தேன். பிறகு, சேர்த்துவைக்க ஒரு வாய்ப்புக் கிடைத்தபோது ஒரு பொய்யைச் சொல்லி அந்தப் பிரிவை நிலைக்கவைத்தேன்.

இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எனக்கு முகம் தெரியாதவர் என்பதால்தான் இந்தத் துணிச்சலோ என்னவோ!

அப்போது ஷார்ஜாவில் ரோலா பகுதியில் ஒரு டிராவல்ஸில் வேலை பார்த்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஊருக்கு டிக்கெட் போடும் கூட்டம் வாசல்வரை நிற்கும்; என் மேசை மட்டும் உள்ளே தள்ளி, ஏசிக்கு அடியில். விடுமுறைப் பயணங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. அதிலும் ஐரோப்பாவில் சொந்தமாகக் கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு வழி வகுத்துக் கொடுப்பதில் எனக்கு நல்ல பெயர். எந்த வளைவு திரும்பினால் ஏரி தெரியும், எங்கே காரை நிறுத்திக் காப்பி குடிக்கலாம் என்றெல்லாம் கண்ணால் கண்டதுபோலச் சொல்லுவேன்.

நான் ஐரோப்பாவில் கால் வைத்ததே இல்லை. அதுகூடப் போகட்டும்... எனக்குக் கார் ஓட்டவே தெரியாது! லைசென்ஸ் பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் போலீஸ்காரர் முதல் ரவுண்டானாவைத் தாண்டியதும் "கலாஸ்", முடிந்தது என்று சொல்லி இறக்கிவிட்டுவிடுவார். அறைக்குத் திரும்பினால் நண்பர்கள் என்ன ஆயிற்று என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

பின் எப்படி அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன் என்கிறீர்களா? எங்கள் மேனேஜர் பம்பாய்க்காரர். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த தொழில் ஒரே வரிதான். "கஸ்டமர் பூச்சே தோ ஹான் போலோ, பாய்." போயிருக்கிறாயா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடு. அங்கே எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். எனக்கு அது உறுத்தவே இல்லை.

ஏனென்றால்... இதை எப்படிச் சொல்வது? வரைபடத்தை விரித்துவிட்டால் நான் அங்கே போய்விடுவேன். உண்மையாகவே! மஞ்சள் கோடு பெரிய சாலை, வெள்ளைக் கோடு சின்னச் சாலை, ஓரத்தில் பச்சை தீட்டியிருந்தால் கண்ணுக்கு அழகான பாதை. அந்தப் பச்சை ஓரங்களை விரலால் தடவிக்கொண்டே இருப்பேன். இராமநாதபுரத்துப் பொட்டலில் பிறந்து ஷார்ஜா மணலுக்கு வந்தவன் நான். ஒரு சாலை ஏன் இத்தனை வளைய வேண்டும் என்பதே எனக்குத் தீராத ஆச்சரியம்.

இப்படி இருந்தபோதுதான் ஜமால் காக்கா வந்தார்.

கீழக்கரைக்காரர். ரோலாவில் கைக்கடிகாரக் கடை. எனக்கும் பக்கத்து ஊர் என்பதால் உரிமையோடு 'தம்பி' என்பார்; எனக்கு அவர் 'காக்கா', அண்ணன் முறை. ஐம்பதைத் தாண்டிய மனிதர், அன்று கல்லூரிப் பையனைப்போல வெட்கப்பட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, ரெண்டே சீட்டு உள்ள காரு வேணும். மேல தொறக்குமே, அது."

"ஸ்போர்ட்ஸ் காரா காக்கா?"

"பேரு என்னவோ. பின்னாடி சீட்டு இருக்கப்படாது. அதான் முக்கியம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

கல்யாணமான நாள் முதல் அவர் இங்கே, மனைவி நூர்ஜஹான், எனக்கு அக்கா முறையான ராத்தா, ஊரில். லீவில் போனால் வீடு நிறையச் சொந்தம். பெண்களைக் கட்டிக்கொடுத்தபின் ராத்தாவை இங்கே அழைத்துவந்தார். இங்கேயும் வாடகைக்குப் பயந்து தம்பி குடும்பத்தோடு ஒரே ஃபிளாட். வெள்ளிக்கிழமை கடலோரக் கார்னிஷுக்குப் புறப்பட்டால் காரில் மூச்சுவிட இடமிருக்காது. ராத்தா பின்சீட்டில் தம்பி வீட்டுப் பெண்களோடு, காக்கா முன்னால் தம்பியோடு.

"நானும் அவளும் மட்டும் ஒரு கார்ல போனதே இல்ல தம்பி. ஏர்போர்ட்லேருந்து கூட்டியாந்த அன்னைக்குக்கூட மச்சான் ஏறிக்கிட்டான். இந்த வயசுல கேக்குறனேன்னு நெனைக்காத. அவ என்ன நெனைக்கிறான்னு எனக்குத் தெரியாது. சாவுறதுக்குள்ள தெரிஞ்சுக்கணும்."

இதற்குத்தான் அந்தப் பயணம். ஏரிக்காக அல்ல, மலைக்காக அல்ல. நான் அதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டுதான் வரைபடத்தை விரித்தேன். இதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்த தடவை ராத்தாவும் வந்தார். அப்பப்பா, அவருடைய கேள்விகள்! அங்கே பசுவுக்கு மணி கட்டுவார்களாமே, தொலையாமல் இருக்கவா, அழகுக்கா? பெட்டி வைக்கும் இடத்தில் சோறு ஆக்கும் குக்கர் கொள்ளுமா? கொள்ளாது ராத்தா, மாசிக் கருவாடும் ஊறுகாயும் வேண்டுமானால் கொண்டுபோகலாம் என்றேன். கிப்லா எந்தப் பக்கம் வரும்? தென்கிழக்கு என்றேன். அசந்துபோனார்.

"மேக்க பாத்தே தொழுது பழகிட்டோம். அங்க கிழக்க திரும்பணுமா! அப்ப நாம மக்காவுக்கு அந்தப் பக்கம் போயிட்டோம்னு அர்த்தம்."

அந்த ஒரு விஷயத்துக்காகவே போக வேண்டும் என்றார். காக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு இத்தனை கேட்கத் தெரியும் என்பது அவருக்கே புதிதுபோல.

பிறகு ராத்தா என் பக்கம் திரும்பினார். "நீங்க போயிருக்கியளா தம்பி?"

"போயிருக்கேன் ராத்தா. நானே ஓட்டியிருக்கேன்."

வழக்கமான பதில்தான்... ஆனால் அன்று அதோடு நிறுத்தினேனா? இல்லையே! ஏரிக்கரையோடு போகும் நல்ல வழி ஒன்று இருந்தது. பலரை அனுப்பிச் சோதித்த வழி. அதை விட்டுவிட்டு, எல்லோரும் ஒதுக்கிவிட்டுப் போகும் ஒரு மலைப்பாதையில் விரலை வைத்தேன். பச்சை ஓரமிட்ட வெள்ளைக் கோடு. மேலே ஏறி, வளைந்து வளைந்து, மலையின் மறுபக்கம் ஒரு ஊரில் முடியும். எறும்பு எழுத்தில் பெயர். அந்தப் பெயரை உச்சரிக்கக்கூட எனக்குத் தெரியாது. இணையத்தில் தேடியும் ஒரு படம் கிடைக்கவில்லை. அங்கே என்ன இருக்கிறது? யார் இருக்கிறார்கள்? ஏன் அவ்வளவு உயரத்தில்? பல மாதங்களாக என்னைக் குடைந்துகொண்டிருந்த ஊர் அது.

யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டும். அதற்கு அவர்களைப் பிடித்தேன். என் கண்ணாக அவர்களை அனுப்பினேன். புரிகிறதா உங்களுக்கு?

"இந்த ஊரை மட்டும் விட்டுறாதீங்க காக்கா. எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது" என்றேன்.

பயணத்தை மே மாதத்தில் போட்டேன். ஜூனில் மகளுக்குப் பிரசவம், அதற்குள் திரும்ப வேண்டும் என்றார் காக்கா. மே என்றால் எனக்கு என்ன தெரியும்? ஊரில் அக்கினி நட்சத்திரம், இங்கே ஏசி இல்லாமல் உயிர் தங்காது. மே மாதத்தில் ஒரு சாலையைப் பனி மூடிக் கிடக்கும் என்று என் அறிவுக்கு எட்டவே இல்லை. இதை மட்டும் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். மற்றவை தவறு அல்ல, குற்றம்.

முதல் நாட்களில் காக்கா தினமும் போன் செய்தார். குரலே மாறியிருந்தது. ராத்தா பேசிக்கொண்டே வருகிறாராம்! கல்யாணத்தன்று அவருக்குக் காய்ச்சல் இருந்ததாம், எவரிடமும் சொல்லவில்லையாம், இப்போது சொன்னாராம். "எனக்குத் தெரியவே தெரியாது தம்பி!" என்று குழந்தைபோல் சிரித்தார்.

மலை ஏறும் நாள் வந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். பிற்பகலில் போன்.

"தம்பி, குறுக்க ஒரு கம்பி போட்டு மறிச்சிருக்கான். ஆளு யாரையும் காணோம். என்னவோ எழுதியிருக்கான், வாசிக்கத் தெரியல."

"காருக்கு இடம் இருக்கா காக்கா, ஓரத்துல?"

"இருக்கு. நம்ம காரு சின்னதுதான். ஆனா மேல வெள்ளையாத் தெரியுது. உன் ராத்தா வேணாங்குறா."

வளைகுடாவில் வண்டி ஓட்டுகிற எவரையும் கேளுங்கள். அந்த வருடங்களில் தோண்டாத சாலை எது? தொழிற்பேட்டைப் பக்கம் போனால் நேற்று இருந்த வழி இன்று இருக்காது. தடுப்பைக் கண்டால் ஓரமாக மணலில் இறக்கி ஏற்றிப் போய்க்கொண்டே இருப்போம். தடுப்பு என்றால் எங்களுக்குச் சுற்றிப் போ என்று அர்த்தம். காக்காவும் அப்படிப் பழகியவர்தான். ஆனாலும் அவர் நின்றார்! நின்று என்னைக் கேட்டார்!

நானோ... அந்தக் கம்பிக்கு அப்பால் என் ஊர் இருக்கிறது என்று மட்டும்தான் நினைத்தேன்.

"அது சும்மா காக்கா. நான் போனப்பவும் கம்பி இருந்துச்சு. ஓரமாப் போங்க, ஒண்ணும் ஆகாது."

நான்காவதோ ஐந்தாவதோ வளைவில் கார் பனியில் வழுக்கியது. பக்கவாட்டில் போய்க் கல்சுவரில் மோதியது. ராத்தா உட்கார்ந்திருந்த பக்கம். அவருடைய வலது கால் இடுப்புக்குக் கீழே முறிந்தது.

அங்கேயே அறுவைசிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். திரும்பி வந்ததும் மகள்கள் ராத்தாவை ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். காக்கா தனியாக என் மேசைக்கு வந்தார். சட்டையைப் பிடித்து உலுக்குவார் என்று எதிர்பார்த்தேன்.

"நீ சரியாத்தான் சொன்ன தம்பி. நீ ஓட்டிப் போன ரோடுதானே? எனக்குத்தான் கை வரல" என்றார். "நான் உங்கிட்ட போன்ல கேட்டத யார்கிட்டயும் சொல்லல. அவகிட்டகூட. நானாத்தான் போனேன்னு சொல்லிட்டேன். உன் பேரு வந்தா மேனேஜர் விசாவக் கேன்சல் பண்ணிருவான்."

அப்போது என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? கேவலம்தான், கேளுங்கள். மேலே எதுவரை போனீர்கள், அந்த ஊர் கண்ணில் பட்டதா என்று கேட்க நாக்கு துடித்தது! கேட்க முடியவில்லை. நான்தான் ஏற்கெனவே பார்த்தவனாயிற்றே!

மறு வருடம் லீவில் ஊருக்குப் போனேன். ராத்தாவுக்குக் கொடுக்கச் சொல்லிக் காக்கா ஒரு பார்சல் தந்தார். கீழக்கரை வீட்டில் ராத்தா உள்முற்றத்தில் நாற்காலியில் இருந்தார். கைத்தடி பக்கத்தில் சாய்ந்திருந்தது. எனக்கு டீ கொடுத்தார்கள். பார்சலை அவர் பிரிக்கவில்லை.

"மறுபடி எப்ப ராத்தா ஷார்ஜா வர்றீங்க?"

"வர்றதா இல்ல தம்பி." கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "கால் போனதுக்காக இல்ல. அல்லா குடுத்தான், எடுத்தான். அந்த ஆறு ஏழு நாள்ல அவர்கிட்ட அம்புட்டும் சொன்னேன். கேட்டுக்கிட்டாரு. அந்த எடத்துல வேணாம், திரும்புங்கன்னு ஒண்ணு சொன்னேன், அதக் கேக்கல. அப்ப மத்ததும் கேக்கலதானே? சும்மா தலையாட்டிக்கிட்டு வந்திருக்காரு" என்றார்.

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"எறங்கிப் போய் யாருக்கோ போன் போட்டாரு. ஒங்களுக்குத்தானா? கேட்டா இல்லங்குறாரு. நீங்க சொல்லுங்க. ஒங்களுக்குப் போட்டிருந்தா என்னா சொன்னிய?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'நான்தான் போகச் சொன்னேன் ராத்தா.' அந்த மனிதர் மனைவியின் பேச்சை மதித்துத்தான் நின்றார், நின்று கேட்டார், நான்தான் தள்ளிவிட்டேன் என்று ராத்தாவுக்குத் தெரிந்திருக்கும். இதைச் சொன்னால் எனக்கு என்ன போயிருக்கும்? விசா ஷார்ஜாவில் இருந்தது, நான் கீழக்கரையில் இருந்தேன்! மேனேஜரிடம் போய்ச் சொல்லப்போகிற பெண்மணியா அவர்? மரியாதை போயிருக்கும். அவ்வளவுதான். அந்த டீயை எனக்குக் கொடுத்த கைகள் இனிக் கொடுத்திருக்காது.

"எனக்குத்தான் போட்டார் ராத்தா" என்றேன். "வேணாம், திரும்பிருங்கன்னு சொன்னேன்."

ஏன் சொன்னேன்? எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை... வாயைத் திறந்தேன், அது வந்தது. அதுவரை நான் சொன்ன பொய்களெல்லாம் என்னைப் பெரியவனாகக் காட்டுவதற்குச் சொன்னவை. இது இன்னொருவரைச் சிறியவராக்கியது.

ராத்தா தலையை அசைத்தார். "ரெண்டு பேர் சொல்லியும் கேக்கலயா" என்று மட்டும் சொன்னார். பிறகு மகளைக் கூப்பிட்டு, தம்பிக்கு வட்டலப்பம் வைம்மா என்றார். நான் சாப்பிட்டேன். ஆமாம், சாப்பிட்டேன்!

அதன்பின் வேலையை மாற்றிக்கொண்டு குவைத்துக்கு வந்துவிட்டேன். இப்போது இங்கே மங்காஃப் பகுதியில் மனைவி, பிள்ளைகளோடு இருக்கிறேன். வழி சொல்லும் வேலை இல்லை. அந்த மலை ஊரில் என்ன இருக்கிறது என்று இன்று ஒரு நொடியில் படம் பார்த்துவிடலாம். பார்க்கவில்லை. பார்த்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

போன பெருநாளுக்குக் காக்கா போன் செய்தார். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டாராம். ஒரே வீட்டில்தான் இருவரும். எனக்குச் சட்டென்று ஒரு நப்பாசை.

"ராத்தா பேசுறாங்களா காக்கா?"

"பேசாம என்ன? மருந்து முடிஞ்சிருச்சு, மீன்காரன் வந்துட்டான்னு சொல்லுவா. ஒருநாள் கேட்டா தம்பி. அன்னைக்கு அந்தப் பையன் வேணாம்னு சொன்னானாமே, ஏன் போனீங்கன்னு. நான் ஒண்ணும் சொல்லல."

அவருக்குத் தெரிந்திருக்கிறது! நான் சொன்ன பொய் தெரிந்தும் ராத்தாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை... ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தேன்.

"உன் புள்ளைங்க நல்லா இருக்கா?" என்று கேட்டார் காக்கா.

"நல்லா இருக்காங்க" என்றேன்.