முன்பல்லுக்குக் கேட்ட கேள்வி

கல்யாண வீடொன்றில் சோடா மூடியைப் பல்லால் திறந்து காட்டினேன். மூடி திறந்தது, முன்பல்லில் பாதியும் அதோடு போனது. ஆசிரியர் நியமனம் கிடைத்து இரண்டு மாதம்தான். வாயைப் பொத்திக்கொண்டே பாடம் நடத்தியதில், அடக்கமான வாத்தியார் என்று பெயர் வந்தது.

நுவரெலியாவில் ஒரு டாக்டர் பல்லின் நிறத்திலேயே அடைப்பார் என்றார்கள். அப்பாவும் அக்கரப்பத்தனையிலிருந்து என்னோடு பஸ் ஏறினார். அவர் தேயிலைத் தோட்டத்தில் களைப்புல்லைக் கொல்ல மருந்தடிக்கிறவர். முதுகில் டாங்கி, வெறுங்கால். மருந்து பீய்ச்சும் முனையில் தூசி அடைத்தால் கழற்றி, வாயில் வைத்து ஊதுவார். எல்லோரும் அப்படித்தான் ஊதினார்கள்.

டாக்டர் இரண்டு பசைகளை எடுத்துவைத்ததும் அப்பா நாற்காலியோரம் வந்து நின்றார்.

“தம்பி, இது ஒடம்புக்கு ஒண்ணும் செய்யாதான்னு கேளு.”

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் கேட்டேன், இலக்கணம் பிசகாமல். இறுகிவிட்டால் பயமில்லை என்றார்.

“எச்சியோட உள்ள போனா?”

அதையும் கேட்டேன். துளியளவு போகலாம், அதனால் கெடுதல் வந்து தாம் பார்த்ததில்லை என்றார்.

“அப்படியே நம்ம புல்லு மருந்தையும் கேட்டுரு. ஊதுறப்ப நாக்குல படுது. எரியுது.”

டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன். வாசலில் காத்திருந்த சீமாட்டியைப் பார்த்தேன். புல்லு மருந்தை வாயால் ஊதுகிறவரின் மகன் என்பதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை. டாக்டருக்கு நன்றி மட்டும் சொல்லிவிட்டு அப்பா பக்கம் திரும்பினேன்.

“அதுக்கும் ஒண்ணுமில்லையாம்ப்பா.”

அப்பா டாக்டரைக் கும்பிட்டார்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், ஊதத் தயங்கிய ஒரு புது ஆளிடம், “நுவரெலியா டாக்டரே சொல்லிட்டாருய்யா, சும்மா ஊது” என்றாராம். தானே ஊதியும் காட்டினாராம்.

சில வருடங்களில் அப்பாவுக்கு நாக்கெல்லாம் புண். கஞ்சிகூட இறங்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் வெற்றிலையால் வந்தது என்று எழுதிக்கொடுத்தார்கள்.

“அந்த மருந்தா இருக்குமோ?” என்றார் அம்மா.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “படிச்ச பய டாக்டர்கிட்ட கேட்டுச் சொன்னான். ஒனக்கு என்ன தெரியும்?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அடைத்த பல் நன்றாகத்தான் இருந்தது. தேயிலைச் சாயம் ஏறிக் கொஞ்சம் மஞ்சளித்திருந்தது, அவ்வளவே. பழையபடி வாயைப் பொத்திக்கொண்டேன்.