குதிரையின் பின்கால்கள்

வேச உடுப்பு வாடகைக்குக் கொடுக்கும் கடையில் வேலை செய்கிறவனுக்கு வருசத்தில் பத்து மாசம் அந்துப்பூச்சியோடு சண்டை, மிச்சம் இரண்டு மாசம் மனிசரோடு சண்டை. இதில் அந்துப்பூச்சி எவ்வளவோ மேல். அது தனக்கு எந்த உடுப்பு வேணும் என்று தெரிந்துகொண்டுதான் வரும்.

இப்ப எங்கட பிள்ளையள் ஒக்ரோபர் கடைசியில் ஹலோவீன் என்று பேய் வேசம் போடுகிறார்கள். நான் சொல்லும் எண்பதுகளில் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இருந்தது கார்னவால். பெப்ரவரிக் குளிரில், பேரப்பிள்ளை கண்ட பெரிய மனிசரும் வேசம் போட்டுக்கொண்டு ஆறு நாள் தெருவில் ஆடுவார்கள். அசூல் என்கிற அகதித் தஞ்சம் கேட்டு வந்து இரண்டு வருசம் சும்மா இருந்த எனக்கு, எண்பத்தாறில் வேலை செய்ய அனுமதி கிடைத்து, முதலில் அமைந்த வேலை அந்த உடுப்புக் கடை. முதலாளி ஃப்ரவ் கிராமர் (ஃப்ரவ் என்றால் திருமதி), ஐம்பது வயது, ஒரு நாளைக்கு நாற்பது சிகரெட். தையல் மெசினில் எமினே, துருக்கிக்காரி. அயன் பிடிக்க, தூக்க, அடுக்க, சனம் கூடினால் கவுண்டரில் நிற்க நான். உங்களில் யாராவது எந்த ஊரிலாவது கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்தால், கீழே உள்ளதை வாசித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

மகாராசா

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் கிழமை ஒரு கொழுத்த இறைச்சிக் கடைக்காரர் மகாராசா உடுப்பு கேட்டு வந்தார். அங்கி சரி, முத்துமாலை சரி, தலைப்பாகைக்கு மட்டும் ஆறு முழம் மஞ்சள் துணி சும்மா மடித்துக் கிடந்தது. ஃப்ரவ் கிராமர் என்னைப் பார்த்து, "இது உங்கள் ஊர் விசயம்தானே?" என்றார். யாழ்ப்பாணத்தில் நான் தலைப்பாகை கண்டது கலியாண மாப்பிள்ளையின் தலையில் மட்டும். அதுவும் கட்டித் தைத்து, பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். தொப்பி மாதிரி எடுத்து வைப்பதுதான். ஆனால் கிடைத்து இரண்டு கிழமையான வேலை. "யா" என்று சொல்லிவிட்டேன்.

அந்த மனிதரைக் கதிரையில் இருத்தி, தலையில் காயம் பட்டவனுக்குக் கட்டுப் போடுவதுபோலச் சுற்றினேன். எங்கே முடிப்பது என்று தெரியாமல் மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டு, உள்ளே பதினைந்து ஊசி குத்தினேன். பார்க்க உண்மையிலேயே கம்பீரமாக இருந்தது. ஃப்ரவ் கிராமர் கைதட்டினார். புதன்கிழமை மனிதர் திரும்பி வந்தபோது தலைப்பாகை அப்படியே தலையில் இருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து கழற்ற முடியவில்லையாம். அதோடேயே படுத்து எழும்பி, அதோடேயே இறைச்சி வெட்டியிருக்கிறார். கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தோம். அவர் போனபிறகு எமினேயிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். அவள் மெசினை நிறுத்தாமலே சொன்னாள்: "போன வருசம் ஃப்ரவ் கிராமர் என்னிடமும் இதைத்தான் கேட்டார். எங்கள் ஊரில் எல்லாரும் வெறுந்தலையோடுதான் திரிவார்கள் என்று சொல்லித் தப்பினேன்."

தம்பிக்கு ஓர் உடுப்பு

முதல் தரம் வேசம் போட நினைக்கும் பெரிய மனிசர் எல்லாருக்கும் ஒரு தம்பி இருக்கும். உடுப்பு அந்தத் தம்பிக்குத்தான். தம்பிக்கு என்ன அளவு என்று கேட்டால், "என்னுடைய அளவுதான்" என்பார்கள். அப்படி ஒருநாள் கடை பூட்டும் நேரம் பார்த்து, கழுத்துப்பட்டியோடு ஒரு வங்கி மனேச்சர் வந்தார். தம்பிக்கு "உன்ஔஃபேலிக்" ஆக ஏதாவது வேணும் என்றார். அந்தச் சொல்லுக்கு யார் கண்ணிலும் படாதது என்று அர்த்தம். எனக்கோ அப்போது தெரிந்தது "உன்ஃபால்" மட்டும். அதற்கு அர்த்தம் விபத்து. நான் உள்ளே போய், தலைக்கட்டு, கைத்தூக்கு, சிவப்பு மை பூசிய மாக்கட்டுக் கால் எல்லாம் சேர்ந்த நோயாளி உடுப்பைக் கொண்டுவந்து விரித்தேன். மனிதர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தம்பிக்கு அவ்வளவு மோசமில்லை என்றார்.

அரை மணித்தியாலம் யோசித்து, கடைசியில் தலை முழுக்க மூடும் கரடி உடுப்பை எடுத்துக்கொண்டு போனார். ஆளை மட்டுக்கட்டவே முடியாது என்று நானும் உறுதி சொன்னேன். திருநீற்றுப் புதன் அன்று கரடியை மேசையில் வைத்தவரின் முகம் வாடிக் கிடந்தது. தம்பிக்குப் பிடித்ததா என்று கேட்டேன். அவர் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "வங்கியில் ஒருவருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. மூன்று பேர் மனேச்சரைப் பற்றி என்னிடமே மனம் விட்டுக் கதைத்தார்கள். அடுத்த வருசம் முகம் தெரிகிற மாதிரி ஏதாவது வையுங்கள்."

பொலிஸ்

அடுத்த வருசம் கார்னவால் முடிந்த அடுத்த நாள் காலை, திரும்பி வந்த உடுப்புகளை நிலத்தில் குவித்து வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். கதவு மணி அடித்தது. நிமிர்ந்து பார்த்தால் பொலிஸ்காரர். பச்சைச் சட்டை, தொப்பி, இடுப்பில் பட்டி. நானும் அறிவு உள்ளவன்தான். வேச உடுப்புக் கடைக்குள் பொலிஸ் உடுப்போடு வருகிறவன் யார் என்று யோசித்திருக்கலாம். சட்டைத் தெறிகளை உற்றுப் பார்த்திருந்தால் எல்லாம் பிளாஸ்டிக் என்று தெரிந்திருக்கும். அந்தத் தெறிகளில் இரண்டை நானே தைத்திருந்தேன். ஆனால் என் கை என்னைக் கேட்கவில்லை. அது தன்பாட்டில் உள்பைக்குள் போய், வதிவிடப் பேப்பரை எடுத்து, விரித்து, அவருக்கு முன்னால் நீட்டிவிட்டது. வாய் "குட்டன் மோர்கன்" என்றது.

அவர் பேப்பரை வாங்கினார். ஏன் தருகிறேன் என்று விளங்காவிட்டாலும் மரியாதைக்கு முழுவதையும் வாசித்தார். பிறகு உடுப்புப் பையை மேசையில் வைத்து, உடுப்பைத் திருப்பித் தர வந்ததாகவும் மாற்றுடை பையில் இருப்பதாகவும் சொன்னார். எனக்கு வெட்கத்தில் அந்த உடுப்புக் குவியலுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவன். பேப்பரை மடித்துத் தந்துகொண்டே அவர் சொன்னது இது: "நான் வெதுப்பகத்தில் பாண் போடுகிறவன். எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் இது நாளையோடு முடிகிறதே, கவனித்தீர்களா?"

போடுவதா விடுவதா

எண்பத்தெட்டில் ஃப்ரவ் கிராமர் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தார். கார்னவால் தொடங்கும் வியாழக்கிழமை கடையில் நிற்கிற எல்லாரும் வேசத்தோடு நிற்கவேணும். எத்தனையோ பேருக்கு என்ன வேசம் பொருந்தும் என்று புத்தி சொன்ன நான், என் முறை வந்ததும் கொள்ளைக்காரன், சமையற்காரன், பாதிரியார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். அறைக்கு வந்து, என்னோடு இருந்த குலம் அண்ணையிடம் கேட்டேன். எங்கள் இரண்டு பேரின் அசூல் வழக்கும் அப்போது நீதிமன்றத்தில் கிடந்தது.

"அண்ணை, போடட்டோ விடட்டோ?"

"விசரே உனக்கு? கோமாளி வேசத்தோடை நிண்டு ஆரும் படம் எடுத்தாங்களெண்டால் என்ன செய்வாய்? நாளைக்கு நீதவான் அதைப் பாத்து, இவன் ஊரிலை கஸ்ரப்பட்டு ஓடிவந்தவன் மாதிரித் தெரியேல்லையே எண்டு கேட்டால், என்ன மறுமொழி சொல்லுவாய்?"

இரவு முழுக்க அந்த நீதவான் என் கண்ணுக்குள் நின்றார். வேசம் போடுவதில்லை, திட்டு வாங்கினால் வாங்குவது என்று முடிவு செய்தேன். காலையில் கடும் குளிர். மாதா கோயிலில் தந்த முழங்காலுக்குக் கீழே வரும் கறுப்புக் கோட், அதன் கழுத்துப் பட்டியில் பாதி கொட்டுண்ட மிருக மயிர், காதை மூடிய கம்பளித் தொப்பி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு களுசான், ஒரு அளவு பெரிய சப்பாத்து. அப்படியே கடைக்குள் நுழைந்தேன். நாங்கள் கதவைத் திறக்கக் காத்து நின்ற ஒரு பெண்மணி என் பின்னாலேயே உள்ளே வந்து, என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஃப்ரவ் கிராமரிடம் திரும்பிச் சொன்னார்: "என் புருசனுக்கு இதுதான் வேணும். தொப்பியும் சப்பாத்தும் சேர்த்துத்தானே?"

குதிரை

கடைசியாகச் சொல்வது ஃப்ரவ் லென்ஸ் பற்றி. அவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். புருசனும் அவரும் முப்பத்தொரு வருசமாக ஒரே உடுப்பைத்தான் எங்கள் கடையில் எடுத்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து போடும் மண்ணிறக் குதிரை. காகிதக்கூழில் செய்த தலையும் முன்கால்களும் புருசன். குனிந்து, அவருடைய இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பது ஃப்ரவ் லென்ஸ். கார்னவால் ஞாயிறு அவர்களுடைய பகுதி ஊர்வலத்தில் அந்தக் குதிரை போகாத வருசம் இல்லையாம். எண்பத்தெட்டு ஐப்பசியில் புருசன் செத்துப்போனார்.

அடுத்த தை மாசம் அந்த மனிசி கடைக்கு வந்து, இந்த வருசம் குதிரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் வந்து, வேறு யாரும் எடுத்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மூன்றாம் நாள் வந்து குதிரையின் காதைத் தடவிக்கொண்டு நின்றார். செத்த வீடு நடந்து நாலு மாசத்தில் வேசம் போட்டால் சனம் என்ன சொல்லும் என்று ஒரு பக்கம் யோசனை. போடாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையை வீட்டுக்குள் எப்படிக் கழிப்பது என்று மறுபக்கம் யோசனை. மகன் ஹம்பேர்க்கில், வரமாட்டான். முன்னுக்கு வேணுமென்றால் நிற்பேன், பின்னுக்கு யார் வருவார்கள் என்று அழுவாரைப்போலக் கேட்டார். ஃப்ரவ் கிராமர் சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்தார். "தயா ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருப்பார்," என்றார். தயா என்றால் நான்தான். முகம் வெளியே தெரியாத வேசம் என்பதால் எனக்கும் மறுக்கக் காரணம் அகப்படவில்லை. இப்படித்தான், நாட்டுக்கு வந்து ஐந்து வருசத்தின் பின் நான் ஜெர்மன் மக்களின் பண்டிகை ஒன்றில் முதன்முதலாகக் கலந்துகொண்டேன், குதிரையின் பின்பக்கமாக.

இரண்டு மணித்தியாலம் குனிந்து நடந்தேன். நான் கண்ட ஊர்வலம் என்றால் ஃப்ரவ் லென்ஸின் நீலச் சப்பாத்து, மிதிபட்ட இனிப்பு, எங்களுக்கு முன்னால் போன உண்மைக் குதிரைகளின் சாணி, இவ்வளவுதான். உள்ளே வெக்கையும் பழைய கம்பளி மணமும். தெருவில் என்ன நடக்கிறது என்று அவர் திரும்பித் திரும்பி எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். இப்ப பேக்கரி, இப்ப பள்ளிக்கூடம், இப்ப ஒரு வாத்தியக் குழு. புருசன் தனக்கு இப்படித்தான் சொல்லிக்கொண்டு போவாராம். ஓரிடத்தில் பேச்சு நின்றது. நடையும் நின்றது. அவருடைய முதுகு குலுங்குவது என் கையில் இருந்த பட்டியில் தெரிந்தது. பின்னால் வந்தவர்கள் என்னில் முட்டினார்கள். அந்த நேரத்தில் ஒரு மனிசிக்கு ஜெர்மன் மொழியில் என்ன சொல்லவேணும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. தமிழில் கேட்டாலும் எனக்குத் தெரிந்திராது. "ஃப்ரவ் லென்ஸ், முதலில் இடது கால்," என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் பொறுத்து இடது சப்பாத்து எழும்பியது. நானும் என் இடது காலை எடுத்து வைத்தேன். ஊர்வலம் முடியும் இடத்தில் அவர் குதிரைத் தலையைக் கழற்றினார். நான் வளைந்தது வளைந்தபடி, நிமிர முடியாமல், ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பின்கால்களைப் பார்த்துத்தான் சனம் கைதட்டுது என்று அவர் முப்பத்தொரு வருசமும் எனக்குச் சொன்னார்," என்றார். "இன்றைக்கு முன்னால் நின்று பார்த்தேன். பின்கால்களை ஒருவரும் திரும்பியும் பார்ப்பதில்லை."

அந்தத் தொழிலில் நான் படித்த ஒரே பாடம் என்னவென்றால், என்ன வேசம் வேணுமென்றாலும் போடலாம், மூச்சுவிட ஓட்டை எங்கே இருக்கிறது என்று மட்டும் உள்ளே போக முதல் பார்த்துக்கொள்ளவேணும்.