இடுப்பில் ஒரு கட்டு

பாகாலாவைத் தாண்டி வண்டியில் வரும்போது நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது. விழுந்த வேகத்தில் வலது முழங்கால் தரையில் மோதியது. சித்தூரில் காட்டினோம். சின்ன விரிசல், மாவுக்கட்டு போதும் என்றார் டாக்டர். வீக்கம் ஏறிக்கொண்டே போகவும், மச்சான் என்னைத் திருப்பதிக்குக் கூட்டிப் போனான். அங்கிருந்த டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, மூட்டு உட்காரும் இடத்திலேயே எலும்பு உடைந்து உள்ளே அமுங்கியிருக்கிறது, தகடு வைக்க வேண்டும் என்றார். ஒரே காலுக்கு இரண்டு கதை. எவர் சொல்வது பொய் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருமே பொய் சொல்லலாம்.

ஆபரேஷனும் உடனே நடக்கவில்லை. காலுக்கு வெளியே கம்பி பொருத்திப் படுக்க வைத்தார்கள். டாக்டர் தினமும் வந்து தோலைக் கிள்ளிப் பார்ப்பார், வீக்கம் வடியட்டும் என்பார், போய்விடுவார். எதற்கோ காத்திருக்கிறார்கள் என்று பட்டது. நர்சுகள் தெலுங்கில் பேசும்போது தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். அவர்கள் பேசியதெல்லாம் யார் எப்போது சாப்பிடப் போவது என்பதுதான்.

கடைசியில் ஒருநாள் முதுகில் ஊசி போட்டார்கள். தூங்கிப்போனேன். விழித்தபோது காலில் பெரிய கட்டு. அது சரி. வலது இடுப்பிலும் ஒரு கட்டு இருந்தது. உடைந்தது கால், இடுப்பை எதற்கு அறுத்தார்கள்? நர்சைக் கேட்டேன். டாக்டர் வந்து சொல்வார் என்று நகர்ந்துவிட்டாள்.

மனைவியைக் கிட்டே கூப்பிட்டு, "கிட்னிய எடுத்துட்டாங்கடி," என்றேன்.

அவள் பதறவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அமுங்கின எலும்ப மேல தூக்கினா கீழ பள்ளம் உழுமாம். இடுப்பிலருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து அத ரொப்பணும்னு டாக்டரு சொன்னாரு. உன்னாண்ட நானே சொல்றேன்னேன். சொன்னா நீ ஒத்துக்குவியா? ஒத்தக் காலோடவே எழுந்து போய்க்கினு இருந்திருப்ப."

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன், இவளை மட்டும் விட்டுவிட்டேன்.

சாயந்தரம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தகடு, திருகாணிகள், நடுவில் வெள்ளையாகத் திட்டு. அது என்னுடைய எலும்புதானா என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் ஆமாம் என்றார்.

மாதக்கணக்கில் காலை ஊன்றவிடவில்லை. பிறகு வாக்கர், பிறகு கோல். இப்போது கையை வீசியே நடக்கிறேன். சம்மணம் போட்டு உட்காரத்தான் முடிவதில்லை. நடக்கத் தொடங்கியதும், யாரிடமும் சொல்லாமல் சித்தூரில் ஒரு வயிற்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தேன். கிட்னி இரண்டும் இருந்தன.

மனைவியிடம் அதைப் பற்றி இன்றுவரை சொல்லவில்லை. செக்கப்புக்குப் போகும்போது மட்டும் அவளை டாக்டரோடு தனியாகப் பேச விடுவதில்லை.