ஜெயம்மாவின் பயபக்தி

ஜெயம்மாவுக்கு யாரைக் கண்டும் பயமில்லை என்றுதான் தோட்டத்தில் சொல்வார்கள். இருபத்தெட்டு வருடம் ரப்பர் பால் வெட்டியவர். கங்காணி குரலை உயர்த்தினால் இவர் இரண்டு மடங்கு உயர்த்துவார். தெரணியகலை பஸ்ஸில் கொண்டக்டரோடு சிங்களத்தில் சண்டை பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். கடைசியில் வாயை மூடியது கொண்டக்டர்தான்.

அப்படிப்பட்டவர் என் அலுவலகத்துக்கு வந்தால் செருப்பை வாசலில் கழற்றிவிடுவார். தலைத்துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொள்வார். கதிரையைக் காட்டினாலும் உட்கார மாட்டார். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அனர்த்த நிவாரண உத்தியோகத்தர். அவர் அப்படி நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இதைத்தான் பயபக்தி என்கிறோம். வடமொழியிலிருந்து வந்த இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டன. சாமி முன்னால் வருவது என்று பள்ளியில் படித்தேன். பக்திதான் பெரிது, பயம் சும்மா துணைக்கு வருகிறது என்று நினைத்திருந்தேன். சொல்லிலேயே பயம்தான் முன்னால் நிற்கிறது. நான் அதைக் கவனிக்கவில்லை.

மே மாத மழை தொடங்கி மூன்றாம் நாள் காலை ஜெயம்மா வந்தார். நான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "என்ன விசயம்?" என்றேன்.

தலைத்துண்டைக் கையில் சுருட்டினார். "ஒண்ணுமில்லைங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் மண்மேடு, ஜெயம்மா குடியிருந்த லய வீட்டு வரிசையின் மேல் சரிந்தது. அவர் கணவர் ஐயாவு உள்ளே படுத்திருந்தார்.

பிறகுதான் லயத்துக்காரர்கள் சொன்னார்கள். பின்பக்க மேட்டில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்திருந்ததாம். அதைச் சொல்லத்தான் ஜெயம்மாவை என்னிடம் அனுப்பினார்களாம். வாயுள்ளவர் அவர்தானே.

அவர்களைப் பாடசாலையில் தங்கவைத்திருந்தோம். ஐயாவுவைப் புதைத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. என்னைக் கண்டதும் ஜெயம்மா பாயிலிருந்து எழுந்து நின்றார்.

"அண்டைக்கு அதைச் சொல்லத்தானே வந்தனீங்கள்? ஏன் சொல்லேல்லை?"

"எழுதிக்கிட்டு இருந்தீங்க மிஸ். தொந்தரவு பண்ணாம நாளைக்கு வருவோம்னு நெனச்சேன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "தப்பு என்னோடதுதாங்க. மன்னிச்சிருங்க."

நான் கேட்க வந்த மன்னிப்பை அவர் கேட்டுவிட்டார்.

ஜெயம்மா வந்து நின்ற காலையில் நான் எழுதிய அறிக்கை இன்னும் கோப்பில் இருக்கிறது. கடைசி வரி இது: "தோட்ட மக்கள் அதிகாரிகளிடம் மிகுந்த பயபக்தியோடு நடந்துகொள்கிறார்கள். முறைப்பாடு எதுவும் இல்லை."