ஒன்ஸ்மோர் கேட்டவர்கள்

இன்று காலை, தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ். முன் சீட்டில் ஓர் அண்ணாச்சியும் அவர் மனைவியும்.

நேற்றைய நாடகத்தைப் பற்றித்தான் பஸ் முழுக்கப் பேச்சு. வீண் சந்தேகத்தில் ராஜா மனைவியைக் கொல்வான்; அவள் பாடிக்கொண்டே சாவாள். கொட்டகையே ‘ஒன்ஸ்மோர்’ கேட்டது. செத்தவள் எழுந்து, மறுபடி பாடி, மறுபடி செத்தாள். கேட்டதில் நானும் ஒருவன்.

“சந்தேகம் குடியக் கெடுத்துரும், பாத்தியளா?” என்றார் அண்ணாச்சி. கண்கூடக் கலங்கியிருந்தது.

அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று அவர் மனைவி கண்டக்டரிடம் கேட்டாள்.

“அவங்கிட்ட என்னட்டி பேச்சு? முன்னமே பழக்கமோ?”

குற்றாலம் வரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. நாங்களும்தான்.

நாடகம் பார்த்துத் திருந்திய ஆம்பளை உங்கள் ஊரில் இருந்தால் எழுதுங்கள். மேடையில் இருந்தவளாவது இரண்டு தடவைதான் செத்தாள்.